புது டிஃபென்டரா, மூன்று வயது டிஃபென்டரா?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் இருக்கிறது, மாதத்தில் மூன்று நான்கு முறை குடும்பத்தோடு போய்வர வேண்டும், மழை பிடித்துவிட்டால் எஸ்டேட் உள்ரோடு முழுக்கச் சேறு. கையில் ஒன்றேகால் கோடி வைத்திருக்கிறார். புது லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110 பெட்ரோல் எடுப்பதா, மூன்று வருடம் ஓடிய டீசல் டிஃபென்டரை 85 லட்சத்துக்கு எடுப்பதா என்பது கேள்வி. நடுவில் ஒரு புரோக்கர், டெல்லிப் பதிவில் இருக்கும் 2018 லேண்ட் குரூசர் ஒன்றையும் ஏறக்குறைய அதே விலைக்குக் காட்டியிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வயது டீசல் வண்டி தமிழ்நாட்டுப் பதிவாக இருந்து, ஒரே ஓனர் கையில் இருந்து, கம்பெனி வாரண்டியை இன்னும் இரண்டு வருடமாவது நீட்டிக்க முடியும் என்றால் அதையே எடுங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் புது வண்டிக்குப் போய்விடுங்கள். டெல்லி லேண்ட் குரூசர் வேண்டாம்.

ஏன் என்று பார்ப்போம். புது வண்டியின் ஷோரூம் விலை ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது 20 லட்சம். விற்பவர் நம்மிடம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் டிசிஎஸ் 1 சதவீதம், ஒரு லட்சம், இது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், போன பணம் இல்லை. அதன்மேல் இன்சூரன்ஸ். ஆக ஷோரூமில் ஒரு கோடி என்று கேட்ட வண்டி ரோட்டுக்கு வரும்போது உங்கள் ஒன்றேகால் கோடியைத் தொட்டுவிடும், மேட், கவர், டயர் என்று எதற்கும் மிச்சம் இருக்காது. அந்த 20 லட்ச ரூபாய் வரி, நீங்கள் வண்டியை வெளியே எடுத்த அன்றே செலவானதுதான், விற்கும்போது யாரும் அதைத் தனியாகக் கணக்குப் பார்த்துத் தரமாட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவுள்ள பழைய வண்டியில் அந்த வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார், மாநிலத்துக்குள்ளேயே பெயர் மாற்றினால் நீங்கள் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. பழைய வண்டியின் உண்மையான லாபத்தில் பாதியாவது இங்கேதான் இருக்கிறது, தள்ளுபடியில் இல்லை.

இன்னொரு விஷயம், பேரம் பேசும்போது கைகொடுக்கும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிக்கு முன்னால் இந்த அளவு எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 28, செஸ் 22, மொத்தம் 50 சதவீதம் வரி. அன்றிலிருந்து செஸ் போய், 40 சதவீதம் மட்டும். கணக்குப் போட்டால் அதே வண்டியின் விலை கிட்டத்தட்ட 7 சதவீதம் இறங்க வேண்டும். உங்களுக்கு விற்கிறவர் 50 சதவீத வரிக் காலத்தில் வாங்கியவர், அவர் மனதில் பழைய இன்வாய்ஸ்தான் ஓடும், “நான் இவ்வளவு போட்டேன், இவ்வளவு குறைத்துத் தருகிறேன்” என்பார். நீங்கள் அந்த இன்வாய்ஸைப் பார்க்கவே வேண்டாம். இன்று அதே டீசல் மாடலைப் புதிதாக எடுத்தால் ரோட்டு விலை என்ன என்று ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு, அதிலிருந்து கீழே இறங்கிப் பேசுங்கள். டீலரிடம் வாங்கினால் பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று சொல்லி முழு விலைமேல் ஏற்றப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வரி அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமான மார்ஜின்மீது மட்டும்தான். நேரடியாக ஓனரிடமிருந்து வாங்கினால் அதுவும் இல்லை.

சரி, இவ்வளவு லாபம் என்றால் ஏன் நான் வாரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? வண்டிக்கு வயதானால் வண்டியின் விலைதான் இறங்கும், அதன் பாகங்களின் விலை இறங்காது. 85 லட்சத்துக்கு வாங்கினாலும் காற்றுப் பைகளில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் கம்ப்ரஸருக்கும் கியர்பாக்ஸ் மாட்யூலுக்கும் ஒரு கோடி ரூபாய் வண்டிக்காரர் கொடுக்கும் அதே விலையைத்தான் கொடுக்க வேண்டும். டிஃபென்டர் ஸ்லோவாக்கியாவின் நித்ரா ஊரில் இருக்கும் ஆலையில் தயாராகி முழு வண்டியாக இறக்குமதி ஆவது, சில பாகங்கள் இங்கே இருப்பில் இல்லையென்றால் வண்டி வாரக்கணக்கில் சர்வீஸ் சென்டரில் நிற்கும். பணத்தைவிட அந்தக் காத்திருப்புதான் ஆட்களை நோகடிக்கிறது. அதனால் 40 லட்சம் மிச்சம் என்று நினைக்காதீர்கள், அதில் ஒரு 10 லட்சத்தை வாரண்டி நீட்டிப்புக்கும் டயருக்கும் எதிர்பாராத வேலைக்கும் என்று தனியாக எடுத்து வையுங்கள். மிச்சமெல்லாம் உங்களுடையது.

பெட்ரோலா டீசலா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, இரண்டு டன்னுக்கு மேல் எடை, ஆறு பேர், சாமான். 2 லிட்டர் பெட்ரோலுக்கு 300 குதிரைத்திறன் இருக்கிறது, ஆனால் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, 400 நியூட்டன் மீட்டர். அந்த மூன்று வயது வண்டியின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலுக்கும் 300 குதிரைத்திறன்தான், டார்க் மட்டும் 650. வளைவு முடிந்து மேலே ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும், சேற்றில் ஊர்ந்து போகும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் டீசலில் ஒரு பிரச்சினை உண்டு. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கிறது. வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, புகை நன்றாகச் சூடானால்தான் பிடித்த கரி எரிந்து ஃபில்டர் சுத்தமாகும். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து கிளப் என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்திலேயே மூன்று வருடம் கழித்த வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், பாதியில் நின்றுபோகும் சுத்திகரிப்பால் இன்ஜின் ஆயிலில் டீசலும் கலக்கும். அதனால் ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள், மூன்று வருடத்தில் 12,000 ஓடிய நகர வண்டியைவிட 45,000 ஓடிய ஹைவே வண்டி எனக்குப் பிடிக்கும். உங்கள் ஓட்டத்துக்கு இது தொந்தரவு தராது, பொள்ளாச்சி வரைக்கும் உள்ள ரோடே போதும். முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பதைத்தான் கேட்க வேண்டும், சர்வீஸ் பில்லில் ஆயில் மாற்றிய தேதிகளும் கிலோமீட்டரும் அதைச் சொல்லிவிடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மதியம் போகாதீர்கள், காலையில் போங்கள், முதல் நாள் ராத்திரியே “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். ஏர் சஸ்பென்ஷனில் நான்கு மூலையிலும் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கிறது, ரப்பரில் மயிரிழை வெடிப்பு விட்டால் காற்று ராத்திரி முழுக்க மெல்லக் கசியும். சமதளத்தில் நிறுத்திய வண்டியில் சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் அங்கே கசிவு என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் வண்டி எழுந்து நேராகிவிடும், மதியம் போயிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கசிவு இருந்தால் அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கொஞ்ச நாளில் அதுவும் போகும். பை ஒன்றுக்காகப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, கம்ப்ரஸருக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தவர்கள் நிறைய.

அப்புறம் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். இந்த வண்டி 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்கிறது, உண்மைதான், ஆனால் அப்படிப் போன வண்டியை அதற்குப் பிறகு கவனித்தார்களா என்பதுதான் கேள்வி. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண்கோடு இருக்கிறதா, சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, கார்ப்பெட் அடியில் வண்டல் வாசம் வருகிறதா என்று மூக்கை வைத்தே பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னையில் எத்தனையோ விலையுயர்ந்த வண்டிகள் மூழ்கின, அவையெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்று நம்பிவிடக் கூடாது. அடித்தட்டில் சின்னக் கீறல்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆஃப்ரோடு வண்டி ஆஃப்ரோடு போயிருக்கிறது. சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்திருந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓட்டும்போது கட்டாயம் லோ ரேஞ்ச், அதாவது சேற்றிலும் செங்குத்திலும் மெல்ல ஊர்ந்து போக உதவும் கியர், போட்டுப் பாருங்கள். நகரத்திலேயே ஓடிய வண்டியில் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நின்று, நியூட்ரலில் வைத்து, லோவுக்கு மாற்றினால் எந்த எச்சரிக்கை விளக்கும் இல்லாமல் விழ வேண்டும், திரும்ப ஹைக்கும் வர வேண்டும். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு தேய்மானமாக இருக்க வேண்டும், எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் இரண்டு புது டயர், இரண்டு மொட்டை டயர் என்று ஓட்டினால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் கேடு.

விபத்து வரலாறு தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி, இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி எவ்வளவு என்று பாருங்கள். முதல் வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், அடுத்து 25, மூன்றாவது வருடம் முடிந்தால் 35. மூன்று வயது வண்டியின் பாலிசியில் பூஜ்யம் என்று இருந்தால் போன வருடம் ஏதோ நடந்திருக்கிறது, என்ன என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன பம்பர் வேலையாக இருந்தால் பரவாயில்லை. மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

டெல்லி லேண்ட் குரூசருக்கு வருவோம். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன், 4.5 லிட்டர் வி8 டீசல், ஏணி போன்ற தனிச் சட்டத்தின் மேல் உட்காரும் லேடர் ஃபிரேம் பாடி, சேற்றுக்கும் மலைக்கும் டிஃபென்டரைவிட நான் அதிகம் நம்பும் வண்டி அது. ஆனால் டெல்லியில் டீசல் வண்டிக்கு 10 வருடக் கெடு என்று பல காலமாக வழக்கும் உத்தரவுமாகப் போய்க்கொண்டிருக்கிறது, 2018 வண்டி அந்தக் கெடுவை நெருங்குகிறது, அதனால்தான் அது தெற்கே வருகிறது. இங்கே கொண்டுவந்தால் அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும். வயதுக்கேற்பக் குறைத்துப் போடுவார்கள், அப்படியும் இந்த விலை வண்டிக்கு லட்சங்களில்தான் வரும். அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல். புரோக்கர் சொன்ன விலையில் இதெல்லாம் இல்லை. வாரண்டியும் இல்லை. நல்ல லேண்ட் குரூசர் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பதிவில் வரும்வரை காத்திருங்கள், எப்போதாவது வரும்.

புது வண்டி எப்போது சரி? பத்து வருடம் கையிலேயே வைத்திருப்பேன், விற்கிற எண்ணமே இல்லை என்றால் அந்த 20 லட்சம் வரி பத்து வருடத்தில் பரவிவிடும், அப்போது புதுசே நல்லது. ஆனால் அதுவும் டீசலாக இருந்தால் நல்லது, பட்ஜெட்டுக்காகப் பெட்ரோலை எடுத்து ஒவ்வொரு மலையேற்றத்திலும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எதை எடுத்தாலும் வாங்குமுன் ஒரு நாள் வண்டியை எஸ்டேட் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், சுமார் 2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், உங்கள் உள்ரோட்டில் எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று அங்கே போனால்தான் தெரியும். முன்னால் இரும்பு பம்பர் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், 2017-லிருந்து அதற்குத் தடை.

பணம் கொடுக்குமுன் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் பேங்க் என்ஓசியும் கைக்கு வந்த பிறகே மிச்சப் பணம். சேஸிஸ் எண்ணை நீங்களே சர்வீஸ் சென்டரில் கொடுத்து வாரண்டி எதுவரை, நீட்டிக்க முடியுமா, முடியும் என்றால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், விற்பவர் வாய்ச்சொல் போதாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்தானதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். அப்போதே, தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் ஈடு தரும் இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் இறக்குகிற வண்டிக்கு அது இல்லாமல் ஓட்டக் கூடாது.