புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற முன்னோரைத் தேடுவது எப்படி? அண்ணன் தம்பிக்கே குடும்பப்பெயர் வேறாக இருப்பது ஏன்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது புரியாமல் தேடினால் பதிவேட்டில் ஆள் சிக்கமாட்டார்.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்தவர் தம் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்போதே ஒரு குடும்பப்பெயரையும் அவர் தேர்ந்து அறிவிக்க வேண்டும். இவர்கள்தான் ரெனோன்சான்கள். மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அந்தத் துறப்பு கட்டுப்படுத்தும். வயது வந்த தம்பியைக் கட்டுப்படுத்தாது. தம்பி தனியாகத் துறந்து வேறு பெயர் எடுத்திருக்கலாம், துறக்காமலே இருந்திருக்கலாம். முன்னின்று துறந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பி 'லாபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். வேறு சிலர் கிறித்தவப் பெயரை எடுத்தார்கள்; சிலர் தகப்பனாரின் தமிழ்ப் பெயரையே நிலையாக்கிக்கொண்டார்கள். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உறவு என்று முடிவுகட்டாதீர்கள். ஒட்டுறவே இல்லாத குடும்பங்களும் அந்துவான், ஜோசப் என்று வைத்திருக்கின்றன.

துறப்புக்கு முந்தைய பதிவுகளில் அந்தக் குடும்பப்பெயர் இருக்காது. சொந்தப் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் பிரதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் (ANOM) இருக்கிறது. குடியேற்றங்களின் பதிவேடுகளில் ஒரு பிரதியைத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-இல் வந்த ஆணைதான் இதற்குக் காரணம். நூறாண்டு கடந்த ஏடுகளை அவர்களுடைய தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் இந்தியப் பகுதிகளுக்குப் பெயரைத் தட்டித் தேடும் வசதி இல்லை. பகுதி, ஊர், ஆண்டு என்று இறங்கி ஏட்டின் படங்களைத்தான் புரட்ட வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த அகரவரிசைப் பட்டியல் இருந்தால் அதில் தொடங்குங்கள், வேலை பாதியாகும்.

பலர் தடுக்கி விழும் இடம் எழுத்து. 'உ' ஒலிக்குப் பிரெஞ்சில் ஓ, யு என இரண்டெழுத்து வரும். முத்துசாமியை எம், ஓ, யு என்ற வரிசையில் பாருங்கள். சின்னசாமி எஸ்ஸில் இருக்கலாம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆளுக்குப் பிறப்புப் பதிவில் ஓர் எழுத்து, திருமணப் பதிவில் வேறு எழுத்து இருக்கும்.

வயதையும் அப்படியே நம்பிவிட முடியாது. திருமண, இறப்புப் பதிவுகளில் அது பெரும்பாலும் உத்தேசக் கணக்கு. முன்னும் பின்னும் ஐந்தாண்டு சேர்த்தே பாருங்கள். அப்படியும் பிறப்பு அகப்படாவிட்டால், உரிய காலத்தில் பதியாமல் பின்னாளில் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிப் பதிந்திருக்கலாம். அந்தப் பதிவு தீர்ப்பு வந்த ஆண்டின் ஏட்டில் இருக்கும், பிறந்த ஆண்டின் ஏட்டில் இருக்காது. இருபது வயதில் திருமணத்துக்காகவோ வேலைக்காகவோ தீர்ப்பு வாங்கியிருந்தால் அத்தனை ஆண்டுகள் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் பதிவுகளில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார்கள், கணவர் பெயரில் தேடாதீர்கள். பிரதி கேட்டு எழுதும்போது சுருக்கச் சான்று கேட்காமல் முழுப்பிரதி கேளுங்கள். பெற்றோர் விவரமும் ஓரக்குறிப்புகளும் அதில்தான் முழுதாக வரும். நூறாண்டுக்கு உட்பட்ட பிரெஞ்சுக் குடிமக்கள் பதிவுகளுக்கு நாந்த் நகரிலுள்ள மத்திய எத்தா சிவில் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் ஏடுகளில் ஓர் ஆள் திடீரென்று மறைந்தால் வியட்நாமின் சைகோன் ஏடுகளைத் திறந்து பாருங்கள். ரெனோன்சான் குடும்பங்களில் பலர் கொச்சின்சீனாவுக்கு (இன்றைய தெற்கு வியட்நாம்) அரசு வேலையில் போய், அங்கேயே பிள்ளைகள் பெற்றார்கள்.