ஃபைன் டைனிங் உணவகத்துக்கு மெனுவை எப்படி முடிவு செய்கிறார்கள்?

செஃபுக்குப் பிடித்ததை எல்லாம் எழுதி வைப்பதில்லை. ஹோட்டல் கிச்சனில் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன், மெனு மீட்டிங்கில் பாதி நேரம் எதை எடுத்துவிடுவது என்ற சண்டைதான்.

டேஸ்டிங் மெனு, அதாவது சின்னச் சின்னத் தட்டுகளாக வரிசையாகக் கொடுக்கும் மெனு என்றால் முதல் கணக்கு வயிறு. பத்து கோர்ஸ் (சுற்று) போட்டால் ஒரு தட்டில் ஐம்பது, அறுபது கிராமுக்கு மேல் வைக்க முடியாது. சோறு, ரொட்டி எல்லாம் கடைசிப் பக்கம்தான். பொரித்தது அடுத்தடுத்து வரக்கூடாது. நடுவில் ஒரு புளிப்பு வேண்டும். சென்னை ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலின் ஆவர்த்தனா உணவகத்தில் தெளிந்த தக்காளி ரசத்தை பிரெஞ்ச் பிரஸ் என்ற காபி வடிக்கும் ஜாடியிலிருந்து மார்ட்டினி கிளாஸில் ஊற்றித் தருவார்கள். பலர் அதைப் பகட்டு என்பார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. பசியும் கிளம்பும், மேசையிலேயே ஊற்றுவதால் அடுத்த தட்டுக்கு கிச்சனுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

அடுத்த கணக்கு அடுப்பு. நான்கு ஐட்டம் ஒரே கிரில்லை நம்பியிருந்தால் சனிக்கிழமை ராத்திரி கிச்சன் படுத்துவிடும். ருசி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒன்றிரண்டை வேறு ஸ்டேஷனுக்கு, அதாவது கிச்சனின் வேறு வேலைப் பகுதிக்கு, மாற்றியே ஆக வேண்டும்.

செலவைத் தட்டுத் தட்டாகப் பார்ப்பதில்லை, மொத்த மெனுவுக்கும் சேர்த்துப் பார்ப்போம். பொருள் வாங்கும் செலவு, மெனு விலையில் முப்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் நிம்மதி. இறால் இழுத்துக்கொண்ட காசை பீட்ரூட் திருப்பித் தரும். இறால் தலையும் வீணாகாது, கொதிக்கவைத்துச் சாறு எடுக்கும் ஸ்டாக்குக்குப் போகும்.

ஸ்பெயினில் இருந்த எல்புல்லி என்ற பிரபல உணவகம் வருஷத்தில் பாதி நாள் கடையை மூடிவிட்டு, பார்சிலோனாவில் இருந்த பட்டறையில் புது உணவுகளைச் சோதித்துப் பார்த்தது. நமக்கு ஏது அந்த வசதி? மதிய சர்வீஸ் முடிந்து இரவு சர்வீஸ் தொடங்குவதற்குள் டிரையல் பார்த்தால்தான் உண்டு. அதில் பரிமாறும் ஸ்டீவர்டுகளையும் சாப்பிட வைப்போம். மேசையில் நின்று இரண்டு வரியில் அவர்களால் சொல்ல முடியாத உணவை நான் மெனுவில் விடமாட்டேன்.

நீங்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் சைவ மெனுவை முதலில் எழுதுங்கள். நம் ஊரில் ஒவ்வொரு கோர்ஸுக்கும் சைவ ஜோடி வேண்டும், வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்பவர்களும் வருவார்கள். அசைவத்தை முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மீன் இருந்த இடத்தில் எல்லாம் பனீர்தான் உட்கார்ந்திருக்கும்.