குழந்தைகள் எழுந்து போனதற்குப் படமா காரணம்?

கேள்வி: கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்புக் குழந்தைகளுக்காக ஒரு சினிமா மாலை நடத்தினோம். நான் சின்ன வயதில் ரசித்த சாப்ளின் படங்கள், அதற்கும் முந்தைய சில குட்டி ஊமைப்படங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் தேடி எடுத்து, ஒன்றரை மணி நேரத்துக்குத் தொகுத்துப் போட்டேன். அரை மணியில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "எல்லாரும் ஏன் தாத்தா இப்படிக் குடுகுடுன்னு ஓடுறாங்க?" என்று கேட்டாள் என் ஏழு வயதுப் பேத்தி. இந்தப் படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதுதான் நியாயமோ?
– ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: இல்லை ஐயா, ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் உங்கள் பேத்திக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்த மனிதர்கள் ஓடவில்லை, சாதாரணமாகத்தான் நடந்தார்கள். நாம்தான் அவர்களை ஓட வைத்துவிட்டோம்.

அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். ஒரு வினாடிக்குப் பதினாறு படச்சட்டங்கள், சில சமயம் பதினெட்டு, இருபது என்று ஆளுக்கும் காட்சிக்கும் தகுந்தபடி மாறும். பேசும்படம் வந்த பிறகு ஒலி சீராக இருக்க வேண்டும் என்பதற்காக வினாடிக்கு 24 என்று நிலைநிறுத்தினார்கள். பதினாறில் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் நடந்தது நாற்பது வினாடியில் முடிந்துவிடும். அழுகிற தாய் வெடுக் வெடுக்கென்று அழுவாள். காதலன் பொம்மை மாதிரித் தலையை ஆட்டுவான். நகைச்சுவைப் படக்காரர்கள் சில இடங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகத்தைக் கூட்டியதும் உண்டு. ஆனால் அது அளந்து போட்ட உப்பு. நமக்குக் கிடைக்கும் பிரதிகளில் மொத்தக் குழம்பும் உப்பாகிவிடுகிறது.

இணையத்தில் பத்துத் தடவை நகலெடுத்து முகமே தெரியாத பிரதிகள் நிறைய இருக்கின்றன. அதன் மேல் ஒரே பியானோ மெட்டு, காட்சி சோகமா சிரிப்பா என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப ஓடும். உங்கள் குழந்தைகள் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போனதில் குற்றம் இல்லை. ஒரு ஆவணக் காப்பகமோ முறையாகப் படங்களைப் புதுப்பிக்கிற நிறுவனமோ வெளியிட்ட பிரதியைத் தேடிப் போடுங்கள். அது கிடைக்காமல், ஓட்டமாகத் தெரிகிற பிரதிதான் அகப்பட்டது என்றால், யூடியூபில் வேகத்தை 0.75 என்று வையுங்கள். இருபத்துநான்கு பதினெட்டாகிவிடும். இதை ஒரு தடவை செய்து பார்த்தாலே வித்தியாசம் புரியும். திடீரென்று அந்த முகங்கள் மனித முகங்களாகிவிடும்.

அடுத்தது அந்த ஒன்றரை மணி நேரம். இதில் தவறு உங்களுடையது, சொல்லியாக வேண்டும். ஐம்பது வினாடி, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று எடுத்த படங்களை வரிசையாகக் கோத்து மூச்சுவிடாமல் போட்டால் யாருக்குமே அலுக்கும். அந்தக் காலத்தில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. நடுவே ரீல் மாற்றுவார்கள், பாட்டு இருக்கும், ஆட்டம் இருக்கும், எழுந்து நின்று ஒருவர் விளக்கம் சொல்வார். நம் ஊர்க் கூடாரக் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்து, கதையையும் சொல்லிக்கொண்டே போவார். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டியது இந்த மாதிரிக் குட்டிப் படங்களைத்தான். அந்தக் கூடாரம் ஒருநாளும் அமைதியாக இருந்திருக்காது. அதனால்தான் 'ஊமைப்படம்' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. பேசாப்படம் என்று சொல்லுங்கள். படம் பேசவில்லை, பார்த்தவர்கள் பேசினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஏதோ தூர தேசத்துச் சமாசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். மாட்டுங்காவில் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி காலா கோடா வரை நடந்து போங்கள். இரும்புச் சட்டங்களால் எழுப்பிய பழைய கட்டடம் ஒன்று நிற்கும். இப்போது எஸ்பிளனேட் மேன்ஷன், அன்றைக்கு வாட்ஸன் ஹோட்டல். 1896 ஜூலை 7ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதல்முறையாகக் காட்டப்பட்டது அங்கேதான். டிக்கெட் ஒரு ரூபாய். பாரிஸில் அவர்கள் நடத்திய முதல் காட்சி முடிந்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் காட்சி நாவல்டி தியேட்டருக்கு மாறியபோது நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை டிக்கெட் வைத்தார்கள், பர்தா முறையில் இருந்த கோஷாப் பெண்களுக்கு என்று தனி இடமும் ஒதுக்கினார்கள். மூன்று ஆண்டில், 1899இல், சாவே தாதா என்று அழைக்கப்பட்ட பாட்வடேகர் ஹேங்கிங் கார்டனில் ஒரு மல்யுத்தப் போட்டியைப் படம் பிடித்துவிட்டார். தாதாசாகேப் பால்கே முழுநீளக் கதைப் படத்துக்குப் போவதற்கு முன்னால் என்ன எடுத்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணி முளைத்து வளர்வதை, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக. அந்தச் சின்னப் படத்தைக் காட்டித்தான் பணம் போடுகிறவர்களை நம்ப வைத்தார். இந்த நகரத்தின் சினிமா குறும்படத்தில்தான் பிறந்தது.

சரி, எதைப் போடுவது?

முதலில் லூமியேரின் தோட்டக்காரன் படம், 1895. ஒரு நிமிடம்கூட இல்லை. தோட்டக்காரர் குழாயால் தண்ணீர் பாய்ச்சுகிறார், ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றதும் இவர் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார், அவன் காலை எடுக்கிறான். அவ்வளவுதான். அதைக் குழந்தைகள் இரண்டாம் முறை போடச் சொல்வார்கள். போடுங்கள். அப்புறம் பிரெஞ்சு இயக்குநர் மெலியேஸின் 1902ஆம் ஆண்டு நிலாப் பயணம், கையால் வண்ணம் தீட்டிய பிரதி. ஸ்பெயினில் கிடைத்து, பல ஆண்டு உழைப்பில் 2011 வாக்கில் புதுப்பித்தார்கள். அந்த மெலியேஸ் கடைசியில் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார், மனம் வெறுத்துத் தன் நெகட்டிவ்களைத் தானே எரித்தார் என்பதைப் பெரியவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள்.

குழந்தைகள் தூங்கிய பிறகு நீங்கள் பார்க்க இரண்டு. ஸ்டாரெவிச் என்ற இயக்குநர் 1912இல் ரஷ்யாவில் செத்த பூச்சிகளின் காலுக்குக் கம்பி வைத்து, ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தி எடுத்த வண்டுத் தம்பதியின் கதை. பழக்கி நடிக்க வைத்த பூச்சிகள் என்றே அன்று சிலர் நம்பினார்கள். அடுத்தது லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநரின் 'சஸ்பென்ஸ்', 1913. பத்தே நிமிடம். தனியாக இருக்கும் மனைவி, தொலைபேசியில் கணவன், வீட்டுக்குள் நுழைகிற திருடன் மூவரையும் ஒரே திரையில் மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்.

ஆனால் அந்த மாலையின் நடுநாயகம் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்', 1920. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. புதுமணத் தம்பதிக்கு ஒரு வீடு பரிசாக வருகிறது, பெட்டி பெட்டியாக, நாமே எண் பார்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டிய வீடு. மணப்பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாமல் போன ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். எழும்புகிற வீட்டைப் பார்க்க வேண்டுமே! கோணல் சன்னல், நடுச்சுவரில் அந்தரத்தில் ஒரு கதவு. புயல் வந்ததும் வீடு ராட்டினமாகச் சுற்றுகிறது. கீட்டன் இத்தனைக்கும் முகத்தில் ஒரு கோடு அசைக்கமாட்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். சிரி என்று நம்மைக் கேட்கவே மாட்டார்.

ஒரு மே மாதம் செம்பூரில் எங்கள் கட்டட மொட்டை மாடியில், கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி இதைப் போட்டோம். மூன்றாவது மாடி மராத்தி ஆஜி (பாட்டி), கீழ்வீட்டு குஜராத்திக் குடும்பம், நெல்லைக்காரர் இருவர், வாட்ச்மேனும் அவர் மகனும். கட்டிய இடம் தவறு என்று தெரிந்து, வீட்டை ரயில் தண்டவாளத்தைத் தாண்டி இழுத்துப் போகிறார்கள். நடுத் தண்டவாளத்தில் வீடு மாட்டிக்கொள்கிறது. தூரத்தில் ரயில். ஆஜி என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் விலகிப் போய்விடுகிறது. மொட்டை மாடி முழுக்க ஒரே பெருமூச்சு. அந்த மூச்சு அடங்குவதற்குள் எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்கிவிட்டது. "அரே தேவா!" என்றார் ஆஜி. வாட்ச்மேன் மகன் எழுந்து குதித்தான். வீட்டுக் கடனுக்கு ஈ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் நிறைந்த கட்டடம் அது. யாருக்கும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. பேச்சு வந்த பிறகு படங்கள் மொழிவாரியாகப் பிரிந்து போயின. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' 1931இல் இதே மும்பையில்தான் எடுக்கப்பட்டது. அதற்கு ஓர் ஆண்டு முன்புவரை மும்பைக் கொட்டகையில் யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்கார்ந்து ஒரே படத்தை முழுதாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

'காலம் முடிந்துவிட்டதா' என்று நீங்கள் கேட்டது என்னை ஏன் இத்தனை தைக்கிறது என்றால், முன்பும் அப்படி நினைத்துத்தான் நாம் இவற்றைத் தொலைத்தோம். இந்தியாவில் சுமார் 1300 பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை முப்பதை ஒட்டி, அவற்றிலும் பல துண்டுகளாக. சென்னையில் முதல் கதைப் படம் எடுத்த நடராஜ முதலியாரின் ஒரு படம்கூட இன்று இல்லை. பாட்வடேகரின் மல்யுத்தமும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் மட்கும், இது உண்மை. ஆனால் அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கிய ஃபிலிமும், இடத்தை அடைக்கிறது என்று வீசிய ஃபிலிமும் கொஞ்சமல்ல. பேசும்படம் வந்ததும் இனி யார் இதைப் பார்ப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆகவே ஐயா, இன்னொரு மாலை வையுங்கள். முக்கால் மணி நேரம் போதும். நடுவில் பத்து நிமிடம் விட்டு பஜ்ஜி கொடுங்கள். யாராவது ஒருவர் மிருதங்கமோ தபலாவோ தட்டட்டும், எழுத்து அட்டைகளை நீங்களே தமிழில் உரக்கப் படியுங்கள். தொடக்கத்தில் எதைப் போட்டாலும், முடிவில் பால்கேயின் 'காளிய மர்த்தன'த்தின் முதல் சில நிமிடங்களை மட்டும் போடுங்கள். அது 1919ஆம் ஆண்டுப் படம், இணையத்தில் கிடைக்கிறது. கதை தொடங்கும் முன் ஒரு சிறுமியின் முகம் மட்டும் திரையில் இருக்கும். கோபம், பயம், சிரிப்பு என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். குழந்தைகளை ஊகித்துச் சொல்லச் சொல்லுங்கள். கிருஷ்ணனாக நடித்த அந்தச் சிறுமி பால்கேயின் மகள் மந்தாகினி. ஏழு வயதுச் சிறுமி என்று படத்தின் எழுத்து அட்டையே சொல்கிறது. உங்கள் பேத்தியை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.