பீரங்கிங்கிற வார்த்தை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

வரலாறு பத்தி நீங்க எழுதறதை எல்லாம் விடாம படிக்கிறவன் நான். முறையா வரலாறு படிச்சவன் இல்ல, வேலைக்கு நடுவுல கிடைக்கிற நேரத்துலதான் படிப்பு. 1450ல இருந்து 1750 வரைக்கும் உள்ள உலக வரலாற்றை ஒரு தடவையாவது ஒழுங்கா படிச்சிடணும்னு ரெண்டு வருஷமா முட்டிக்கிட்டு இருக்கேன். முதல்ல ஒட்டோமான், அப்புறம் பாரசீகத்தோட சஃபாவி, அப்புறம் முகலாயர், சீனாவோட மிங், சிங், கடைசில ஐரோப்பான்னு வரிசை போட்டுக்கிட்டேன். எட்டாவது சுல்தான் வர்றப்போ மூணாவது சுல்தான் யாருன்னு மறந்துடுது, சஃபாவிக்குள்ள போனா ஒட்டோமானே மொத்தமா மறந்துடுது. எல்லாம் தனித்தனி பெட்டியா இருக்கே தவிர உலக வரலாறுன்னு ஒண்ணு கண்ணுல படவே மாட்டேங்குது.

அதோட, எங்க ஆரம்பிச்சாலும் "ஐரோப்பா ஏன் ஜெயிச்சது, மத்தவங்க ஏன் தோத்தாங்க"ங்கிற இடத்துலதான் வந்து நிக்குது. இந்தக் காலகட்டத்தோட சாரமே அதுதானா? "வெடிமருந்துப் பேரரசுகள்"னு ஒரு பேர் அடிக்கடி வருதே, அதை நம்பலாமா? கடைசியா ஒரு சின்ன சந்தேகம், ஒட்டோமான், உஸ்மானியர், துருக்கியர், இதுல எதை எழுதறது சரி?

அன்புடன்,
ஒரு வாசகன்

—

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க ரெண்டு வருஷம் பண்ணின தப்பை நான் ஆறேழு வருஷம் பண்ணியிருக்கேன், அதனால கவலைப்படாதீங்க. பிரச்சனை உங்க ஞாபகசக்தில இல்ல, அந்த வரிசைலதான் இருக்கு. சுல்தான் பட்டியலை மனப்பாடம் பண்றது பரீட்சைக்கு உதவும், வேற எதுக்கும் உதவாது. அந்த ஆளுங்க யாரும் தனித்தனி பெட்டிக்குள்ள வாழல, பெட்டி போட்டது நாம, பாடத்திட்டத்துக்காக. நீங்க ஒரு அரசை எடுத்து முன்னூறு வருஷம் நேரா கீழ இறங்காம, ஒரு வருஷத்தை எடுத்துக்கிட்டு குறுக்கால நடந்து பாருங்களேன்.

1526ஐ எடுத்துக்கோங்க. ஏப்ரல்ல பானிபட், பாபர் டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோடியை ஜெயிக்கிறார். ஆகஸ்ட்ல ஹங்கேரில மொகாச்ங்கிற இடத்துல ஒட்டோமான் சுல்தான் சுலைமான் ஹங்கேரி ராஜாவை ஜெயிக்கிறார், இருபது வயசு பையன் அந்த ராஜா, ஓடும்போது ஆத்துல மூழ்கி செத்துப் போறான். நாலு மாச இடைவெளி, ரெண்டு கண்டம், சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியுதுல்ல? பானிபட்டை பத்தி பாபர் அவரே என்ன எழுதியிருக்கார்னு பாருங்க. 700 வண்டியை வரிசையா நிறுத்தி, தோல் கயிறால ஒண்ணோட ஒண்ணு பிணைச்சு, நடுவுல தடுப்பு வெச்சு, பின்னால துப்பாக்கிக்காரங்களை நிறுத்தினோம், "ரூம் வழக்கப்படி"ன்னு சொல்றார். ரூம்னா ஒட்டோமான் நாடு. அவரோட பீரங்கி ஆட்கள்ல ஒருத்தர் பேரே முஸ்தஃபா ரூமி.

சரி, ஒட்டோமானுக்கு இந்த வண்டிக் கோட்டை எங்க இருந்து வந்துச்சுன்னு பின்னால போனீங்கன்னா இன்னும் சுவாரசியம். 1420கள்ல பொஹீமியாவுல, இப்போதைய செக் நாட்டுல, ஹுஸைட்னு கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த ஒரு கூட்டம் குதிரைப்படையை சமாளிக்கறதுக்காக கண்டுபிடிச்ச உத்தி இது, வண்டியை சங்கிலி போட்டு கோட்டை மாதிரி கட்டி உள்ள இருந்து சுடறது. அதை 1440கள்ல ஹங்கேரிக்காரங்க ஒட்டோமான் மேல பிரயோகிச்சாங்க, அடி வாங்கின ஒட்டோமான் அதை கத்துக்கிட்டான், 1514ல சால்திரான்ங்கிற இடத்துல பாரசீகத்தோட சஃபாவி ராஜா ஷா இஸ்மாயிலோட குதிரைப்படை மேல அதையே காட்டினான், இஸ்மாயில் அதுக்கப்புறம் சாகற வரைக்கும் நேர்ல படை நடத்தவே இல்ல. அந்த இஸ்மாயிலோட உதவில சில வருஷம் முன்னாடி சமர்கண்டை பிடிச்சவர்தான் பாபர். ஆக ஒரு செக் விவசாயியோட வண்டி நூறு வருஷத்துல பானிபட் வந்து சேருது, யார்கிட்ட இருந்து கத்துக்கிட்டானோ அந்த ஹங்கேரிக்காரனையே ஒட்டோமான் அதே வருஷம் பீரங்கியும் துப்பாக்கியும் வெச்சு அழிக்கிறான். பெட்டி பெட்டியா படிச்சா இதுல ஒரு துண்டு கூட உங்க கண்ணுல பட்டிருக்காது, படாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.

அப்படியே பீரங்கிங்கிற வார்த்தையையும் பாருங்க. சிலுவைப் போர் காலத்துல மேற்கு ஐரோப்பாக்காரனை ஃபிராங்க்னு வெச்சு அரபில ஃபரஞ்ச்னு சொன்னாங்க, பாரசீகத்துல அது ஃபரங்கி, தமிழுக்கு வந்து பறங்கி. அவன் கொண்டுவந்த ஆயுதம் பீரங்கி. பாபர் தன் புத்தகத்துல ஒரு வகை துப்பாக்கிக்கு ஃபிரங்கின்னே பேர் சொல்றார். சீனாவுல போர்ச்சுகீசியனுக்கும் ஃபோலாங்ஜி, அவன்கிட்ட இருந்து காப்பியடிச்ச பீரங்கிக்கும் ஃபோலாங்ஜி, ரெண்டுக்கும் ஒரே சொல். ஆளையும் ஆயுதத்தையும் ஒரே பேர்ல கூப்பிடற வழக்கம் தமிழ்லயும் சீனத்துலயும் ஒரே காலத்துல வந்திருக்கு, இவங்க ரெண்டு பேரும் கலந்து பேசிக்கிட்டா வெச்சாங்க? எனக்கு உலக வரலாறுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சது இந்த ஒரு வார்த்தைலதான்.

வெடிமருந்துப் பேரரசுகள் விஷயத்துக்கு வர்றேன். சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்த ரெண்டு வரலாற்றாசிரியர்கள் புழக்கத்துக்கு கொண்டுவந்த பேர் அது, ஒட்டோமான், சஃபாவி, முகலாயர் மூணையும் ஒரு கொடியில கட்டறதுக்கு வசதியா இருந்துச்சு. ஆரம்பப் படிக்கு சரி, அதுக்கு மேல நம்பாதீங்க. சஃபாவி அரசு உருவானது துப்பாக்கியால இல்ல, கிசில்பாஷ்ங்கிற துருக்கிய இனக்குழுக் குதிரைக்காரங்களாலயும் அவங்க இஸ்மாயில் மேல வெச்சிருந்த மதப் பித்தாலயும்தான், துப்பாக்கியோட அருமை சால்திரான்ல அடி வாங்கினப்புறம்தான் தெரியுது. முகலாயன் கடைசி வரைக்கும் குதிரையை நம்பினவன், மத்திய ஆசியாவுல இருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வாங்கினவன். அரசை நடத்தினது நிலவரி, கணக்குப்பிள்ளை, பதிவேடு. ஒட்டோமான்ல ஊர் ஊரா வீடு, வயல், ஆடு வரைக்கும் எழுதி வெச்ச வரிப் பதிவேடுகள் இன்னிக்கும் இருக்கு, ஆனா "கணக்குப்பிள்ளைப் பேரரசுகள்"னு பேர் வெச்சா யாரு புத்தகம் வாங்குவா?

இந்த சால்திரான்லயே இன்னொரு வேடிக்கை இருக்கு. துருக்கி பக்கம் நின்ன சுல்தான் சலீம் கவிதை எழுதினது பாரசீக மொழியில. ஈரான் பக்கம் நின்ன ஷா இஸ்மாயில் கவிதை எழுதினது துருக்கி மொழியில. துருக்கி-ஈரான் சண்டைன்னு ஒரே வரியில எழுதிட்டு போறவங்களை பார்த்தா எனக்கு சிரிப்புதான் வரும்.

இப்போ என் சொந்த அவமானம் ஒண்ணு. 1453ல துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளை பிடிச்சாங்க, மிளகு வர்ற வழி அடைபட்டுச்சு, அதனால ஐரோப்பியர் புது கடல்வழி தேடினாங்கன்னு பள்ளில படிச்சதை நான் ரொம்ப வருஷம் நம்பி, ஒரு கூட்டத்துல பேசியும் தொலைச்சேன். கூட்டம் முடிஞ்சு ஒரு பெரியவர் பக்கத்துல வந்து, "தம்பி, மிளகு அலெக்சாண்ட்ரியா வழியாதானே வெனிஸ் போச்சு, அலெக்சாண்ட்ரியா 1453ல யார்கிட்ட இருந்துச்சு?"ன்னு மெதுவா கேட்டார். எகிப்தை ஆண்ட மம்லூக்குகள்கிட்ட இருந்துச்சு, சலீம் அதை பிடிச்சது 1517ல, அதுக்கு 19 வருஷம் முன்னாடியே வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்துட்டுப் போயாச்சு. போர்ச்சுகீசியன் ஆப்பிரிக்கக் கரைல சியூட்டாவை பிடிச்சது 1415ல, அப்போ கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் 38 வருஷம் பாக்கி. மேப்பையும் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல உடையற கதை, ஆனா வெச்சுப் பார்க்கணுமே. போர்ச்சுகீசியன் வந்தப்புறமும் செங்கடல் வழி சாகல, 1550கள்ல மறுபடி அலெக்சாண்ட்ரியால மிளகு குவிஞ்சுது.

"ஐரோப்பா ஏன் ஜெயிச்சது"ங்கிற கேள்வி தப்பில்ல, ஆனா அது 1800ல உக்காந்து கேக்கற கேள்வி. 1600ல ஆக்ராவுல போய் இதைக் கேட்டிருந்தா உங்களை வைத்தியர்கிட்ட கூட்டிட்டு போயிருப்பாங்க. 1662ல டச்சுக்காரனை தைவான்ல இருந்து துரத்தினது ஷெங் செங்கோங்னு ஒரு சீனத் தளபதி. 1686ல கிழக்கிந்தியக் கம்பெனி ஔரங்கசீப் மேல போர் தொடுத்து, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, 1,50,000 ரூபாய் அபராதம் கட்டி மன்னிப்பு கேட்டுச்சு. அதுக்காக அந்தப் பக்கமும் ரொம்ப சாய்ஞ்சிடாதீங்க, இணையத்துல இப்போ அதுதான் ஃபேஷன். கடல்ல கதை வேற. மெக்காவுக்கு போற முகலாயக் கப்பலே போர்ச்சுகீசியன்கிட்ட பாஸ் வாங்கிட்டுதான் போச்சு. 1613ல ஜஹாங்கீரோட அம்மாவுக்கு சொந்தமான ரஹீமிங்கிற பெரிய கப்பலை, பாஸ் இருந்தும் அவனுங்க பிடிச்சுக்கிட்டு போனாங்க. ஜஹாங்கீரால என்ன செய்ய முடிஞ்சுது, கடல்ல துரத்த முடியல, நிலத்துல அவங்க கைல இருந்த டாமனை முற்றுகை போட்டார். நிலம் ஒருத்தன்கிட்ட, தண்ணி ஒருத்தன்கிட்ட, ரெண்டு பேரும் ரொம்ப காலம் அப்படியே ஒருத்தனை ஒருத்தன் சகிச்சுக்கிட்டு இருந்தாங்க, அந்தக் காலத்தை அந்தக் காலமா படிக்கறதுன்னா இந்த சகிப்பைத்தான் படிக்கணும்.

ரெண்டாவதா 1571ஐ எடுத்துக்கோங்க. ஐரோப்பிய புத்தகத்துல அந்த வருஷம்னா லெபாண்டோ கடல் போர், ஸ்பெயினும் கூட்டாளிங்களும் சேர்ந்து ஒட்டோமான் கப்பல்படையை நொறுக்கினது. அதே வருஷம் அதே ஸ்பெயின் ராஜாவோட ஆளுங்க மணிலா நகரத்தை உருவாக்கினாங்க, எனக்கு அதுதான் பெருசு. 1545ல பொட்டோசில, இப்போதைய பொலிவியாவுல, ஒரு மலையே வெள்ளியா கிடைச்சுது, அந்த வெள்ளி மெக்சிகோவோட அகாபுல்கோல கப்பல் ஏறி மணிலாவுல இறங்கி பட்டுக்கும் பீங்கானுக்கும் கைமாறி சீனாவுக்குள்ள போச்சு, மிங் அரசு வரியை வெள்ளியா கட்டுன்னு சொன்னதால அங்க வெள்ளிக்கு அவ்வளவு பசி. ஒரு பங்கு தங்கத்துக்கு சீனாவுல ஆறு பங்கு வெள்ளி கொடுத்தா போதும், ஸ்பெயின்ல ஏறக்குறைய அதைப் போல ரெண்டு மடங்கு. வித்தியாசமே லாபம். அக்பரோட வெள்ளி ரூபாயும் வெளில இருந்து வந்த வெள்ளிதான், அப்போ இந்தியாவுல சொல்லிக்கற மாதிரி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. 1585 வாக்குல ஒட்டோமான் தன் அக்சே வெள்ளி நாணயத்தோட மதிப்பை பாதியா குறைச்சான், சம்பளம் பாதியான ஜானிசரிகள், அதாவது சுல்தானோட சொந்தக் காலாட்படைக்காரங்க, 1589ல அரண்மனை வாசல்ல வந்து அதிகாரிங்க தலையை கேட்டு வாங்கினாங்க. இதுல வெள்ளிக்கு எவ்வளவு பங்கு, பாரசீகப் போர் செலவுக்கு எவ்வளவு பங்குன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

படிக்க ஆரம்பிக்கறதுக்கு, பின்னால வந்தவங்க எழுதின தடி புத்தகங்களுக்கு முன்னாடி அந்த ஆளுங்களே எழுதினதை படிங்க. பாபர்நாமா, ஜஹாங்கீரோட நினைவுக் குறிப்பு, 1615ல இருந்து 1619 வரைக்கும் ஜஹாங்கீர்கிட்ட தூதரா இருந்த இங்கிலாந்துக்காரர் தாமஸ் ரோவோட நாட்குறிப்பு. கடைசி ரெண்டையும் சேர்த்து படிச்சா ஒரு தமாஷ் நடக்கும், ரோ பக்கம் பக்கமா தன் பேச்சுவார்த்தையை எழுதியிருப்பார், ஜஹாங்கீர் தன் புத்தகத்துல ரோன்னு ஒருத்தர் வந்ததாவே எழுதல.

பிச்சித்ர்ங்கிற முகலாய ஓவியர் அந்தக் காலத்துல வரைஞ்ச ஒரு படத்தையும் தேடிப் பாருங்க, ஜஹாங்கீர் ஒரு பெரிய மணற்கடிகாரத்து மேல உக்காந்துக்கிட்டு ஒரு சூஃபி ஷேக்குக்கு புத்தகம் கொடுப்பார், ஷேக்குக்கு கீழ வரிசையில ஒரு ஒட்டோமான் சுல்தான், அவருக்கும் கீழ இங்கிலாந்து ராஜா ஜேம்ஸ், எல்லாருக்கும் கீழ மூலைல ஓவியரே. ஜேம்ஸ் முகம் அப்படியே இங்கிலீஷ் ஓவியத்துல இருந்து எடுத்தது. நீங்க கேட்ட "யாரு பெரியவன்"ங்கிற கேள்விக்கு ஆக்ராவோட பதில் அந்த ஒரு தாள்ல இருக்கு. இதுல ஒத்துமையும் உண்டு. 1604ல ஜேம்ஸ் புகையிலையை திட்டி ஒரு சின்ன புத்தகமே எழுதினார், 1617ல ஜஹாங்கீர் புகையிலையை தடை பண்ணினார், 1633ல ஒட்டோமான் சுல்தான் நாலாம் முராத் புகைச்சா தலையை எடுப்பேன்னார். ஜஹாங்கீர் தினமும் சாராயமும் அபினியும் சாப்பிட்டதை அவரே எழுதியிருக்கார், அவருக்கு புகையிலைதான் ஆகல. அமெரிக்காவுல இருந்து கிளம்பின ஒரு இலை நூறு வருஷத்துக்கு கொஞ்சம் மேல ஆகறதுக்குள்ள மூணு அரண்மனையையும் ஒரே மாதிரி எரிச்சல் படுத்தியிருக்கு. ஒரு பேப்பர்ல வருஷத்தை இடது பக்கம் எழுதி, அரசுகளை மேல எழுதி, இந்த மாதிரி ஒரு பொருளை மட்டும் கட்டம் கட்டமா நிரப்பிக்கிட்டே வாங்க, சுல்தான் பேரெல்லாம் தன்னால ஒட்டிக்கும்.

அந்த சின்ன சந்தேகம். ஒட்டோமான்கிறது உஸ்மான்கிற பேரை ஐரோப்பியன் வாய்ல போட்டு மென்னது, அதனால எதை எழுதினாலும் ஒண்ணுதான், ஒரு கட்டுரைக்குள்ள மாத்தாம எழுதுங்க. முகலாயர்ங்கிறதும் அவங்க வெச்சுக்கிட்ட பேர் இல்ல, அவங்க தங்களை குர்கானின்னுதான் சொல்லிக்கிட்டாங்க, பாபருக்கு முகலாயப் படைக்காரனைக் கண்டாலே ஆகாது. துருக்கியர்னு மட்டும் வேணாம். அந்த இஸ்தான்புல் அரண்மனைல ஒருத்தனை துருக்னு கூப்பிட்டா பட்டிக்காட்டான்னு திட்டின மாதிரி.

அன்புடன்