பெரிய எண் இருந்தால் பெரிய விஞ்ஞானியா?

கேள்வி: என் மகள் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேரவிருக்கிறாள். வழிகாட்டியாக வரவிருக்கும் மரபியல் பேராசிரியரின் ஹெச்-இண்டெக்ஸ் 40 என்கிறார்கள். இது என்ன கணக்கு? இதை நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: கணக்கு எளிதுதான். அவர் எழுதியவற்றில் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு இது. நாற்பது என்பது லேசில் வருவதல்ல. பல ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஒருவர் புதிதாக எதுவும் செய்யாமல் இருந்தாலும் பழைய கட்டுரைகள் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மரபியல் துறையில் தேர்வுக் குழுக்களில் உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது கட்டுரையை எழுதியவர்களின் பெயர் வரிசையைத்தான். எங்கள் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனைகளைக் கையால் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் இருப்பவரின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், ஒரு மாதிரியைக் கொடுத்ததோடு முடிந்தும் இருக்கலாம். 2001இல் வெளியான மனித ஜீனோம் (மனிதனின் முழு டிஎன்ஏ தொகுதி) கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் உண்டு. அவற்றுக்கு வரும் மேற்கோள்கள் பங்கு பிரிக்கப்படாமல் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாகச் சேரும்.

ஆகவே அந்தப் பேராசிரியரின் பெயர் கடைசியில் வரும் அண்மைக் கட்டுரைகளை உங்கள் மகள் எடுத்துப் பார்க்கட்டும். அவற்றில் முதல் பெயர் மாணவர்களுடையதா? அந்த மாணவர்கள் பட்டம் முடித்து எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் இருவரிடமாவது பேசிவிட்டு முடிவெடுக்கட்டும். எனக்கு இதுதான் 40ஐவிட முக்கியம்.

கேள்வி: உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது டிஎன்ஏ இரட்டைச் சுருள் கட்டுரைதானே?

பதில்: இல்லை. 1951இல் ஆலிவர் லௌரியும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய, கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றிய கட்டுரை. மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டிவிட்டது. காரம் கலந்த செம்புக் கரைசலோடு புரதத்தைச் சேர்த்து, பிறகு ஃபோலின் வினைப்பொருளை விட்டால் நீல நிறம் வரும். புரதம் கூடக்கூட நீலமும் அடர்த்தியாகும். அவ்வளவுதான். தினமும் பயன்படுத்தும் முறை என்பதால் ஆய்வகம்தோறும் அதைக் குறிப்பிட்டார்கள். சாங்கரின் டிஎன்ஏ வரிசையறியும் முறை (1977), மரபணு வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் நிரல் (1990) ஆகியவையும் இப்படித்தான் உயர்ந்தன. வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய இரட்டைச் சுருள் கட்டுரை பாடநூலுக்குள் போய்விட்டது. இரட்டைச் சுருளைப் பற்றிப் பேசும் எவரும் இன்று அந்தக் கட்டுரையைச் சுட்ட வேண்டியதில்லை.

கேள்வி: மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவன் நான். என் முதல் கட்டுரையை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. மனம் தளர்கிறது.

பதில்: தம்பி, மரபியலாளர் பார்பரா மக்ளின்டாக்கைப் பற்றிப் படியுங்கள். அவர் பார்த்தது சோள மணிகளின் மீதிருந்த புள்ளிகளை. நிறம் தரும் மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்துகொண்டால் மணி வெளுத்துவிடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு விலகினால், அச்செல்லின் வழிவந்தவை மட்டும் நிறம் பெறும். சீக்கிரம் விலகினால் பெரிய புள்ளி, தாமதமானால் சிறிய புள்ளி. மரபணுத் துண்டுகள் இடம் மாறும் என்பதை இத்தகைய புள்ளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து அவர் கண்டறிந்தார். 1950இல் எழுதினார். வரவேற்பு இல்லாததால் சில ஆண்டுகளில் அதை ஆய்விதழ்களில் விரிவாக எழுதுவதையே குறைத்துக்கொண்டார், ஆய்வை விடவில்லை. பின்னாளில் பாக்டீரியாக்களிலும் அதே நிகழ்வு தெரிந்தது. 1983இல், 81 வயதில், நோபல் பரிசு வந்தது.

இன்னொரு உதாரணம்: பாக்டீரியாக்களின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் கிரிஸ்பர் பகுதிகள் வைரஸ்களுக்கு எதிரான பாதுகாப்பாக இருக்கலாம் என்ற நுண்ணுயிரியலாளர் பிரான்சிஸ்கோ மொஹிகாவின் கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பியனுப்பின. 2005இல்தான் அது அச்சானது.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். டிஎன்ஏ வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்த்துவிடுங்கள். செய்முறையை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்யும்படி எழுதுங்கள். வெப்பநிலையையும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் உருவாக்கிய பிளாஸ்மிட்டை (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கேட்டு யாராவது எழுதினால், அந்த வாரமே அனுப்பிவையுங்கள்.