எச்.டி. (ஹை டெஃபனிஷன், அதாவது கூடுதல் துல்லியப் படம்) ஒளிபரப்பு வந்தால் டிவி தொழிலில் அப்படி என்ன மாறிவிடும்?

டிவி படம் என்பது குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனது. இந்தியாவில் சாதாரண சேனலில் அகலத்துக்கு 720, உயரத்துக்கு 576. மொத்தம் சுமார் 4 லட்சம் புள்ளிகள். முழு எச்.டி.யில் 1920, 1080. அதாவது 20 லட்சத்துக்கும் மேல், சரியாக ஐந்து மடங்கு.

புள்ளிக் கோலம் மாதிரிதான். வாசல் அதே அளவு. புள்ளியை நெருக்கி வைத்தால் மயிலின் கண்ணைக்கூட வரையலாம். ஆனால் மாவு அதிகம் செலவாகும்.

அந்த மாவுச் செலவுதான் தொழிலை மாற்றுகிறது. சீரியல் செட்டில் தெர்மோகோல் தூணுக்குக் கல் நிற பெயின்ட் அடித்து ஒப்பேற்றிய காலம் ஒன்று உண்டு. எச்.டி.யில் பிரஷ் போன தடம் தெரியும். அப்பிய மேக்கப்பும், விக் ஒட்டிய ஓரமும் அப்படியே. ஆக கேமரா, எடிட்டிங் மட்டுமல்ல, செட், மேக்கப் வரை எல்லாமே மாற வேண்டும். கையில் காசு குறைந்த சின்ன சேனல்களுக்கு இதுதான் உண்மையான இடி.

சாட்டிலைட்டிலும் எச்.டி. சேனல் அதிக இடம் பிடிக்கும். அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

லாபம் விளையாட்டுக்குத்தான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் காட்டியது. எச்.டி.யின் 16:9 அகலத் திரையில் பந்தோடு சேர்த்து ஆட்டக்காரர்கள் நிற்கும் இடமும் தெரியும்.

அப்புறம், எச்.டி. டிவி வாங்கினாலே படம் எச்.டி. ஆகிவிடாது, சேனல், செட்-டாப் பாக்ஸ், இணைக்கும் ஒயர் மூன்றும் எச்.டி.யாக இருக்க வேண்டும்.