யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார்? ஆவணப்படங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

இன மோதல், தேசியவாதம், அடையாளம் ஆகியவற்றைப் பேசும் ஆவணப்படங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டு எழுதியவர்களுக்குப் பதில்களின் ஊடே விடை கிடைக்கும்.

கேள்வி: ஆவணப்படம் என்பது நடந்ததை நடந்தபடியே காட்டுவதுதானே? அப்படியிருக்க, ஒரே கலவரத்தைப் பற்றிய இரண்டு ஆவணப்படங்கள் நேரெதிரான முடிவுகளுக்கு வருவது எப்படி?

பதில்: கேமரா நடந்ததைத்தான் பதிவு செய்கிறது. ஆனால் நம்மிடம் வந்து சேரும் படம், பல மணி நேரப் பதிவுகளிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவைத்த ஒருவருடைய முடிவு. இன மோதலைப் பொறுத்தவரை அந்த முடிவுகளில் மிகப் பெரியது, கதையை எந்த நாளில் தொடங்குவது என்பதாகும். கடைகள் எரிக்கப்பட்ட காலையில் தொடங்கினால் ஒரு சாரார் பாதிக்கப்பட்டவர்கள். அதற்கு முந்தைய இரவு நடந்த கொலையில் தொடங்கினால் அவர்களே குற்றவாளிகள். சில பத்தாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட மொழிச் சட்டத்திலோ நிலச் சட்டத்திலோ தொடங்கினால், இருவருக்கும் மேலே அரசு வந்து நிற்கும். மூன்று படங்களிலும் ஒரு பொய்கூட இல்லாமல் இருக்கலாம்.

இந்தச் சிக்கல் ஆவணப்படத்தோடு உடன்பிறந்தது. 1922-இல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி கனடாவின் இனுவிட் மக்களைப் பற்றி எடுத்த 'நானுக் ஆஃப் தி நார்த்', துப்பாக்கியை ஏற்கெனவே அறிந்திருந்தவர்களை ஈட்டியால் வேட்டையாடச் சொல்லிப் படம்பிடித்தது. தான் மனத்தில் வைத்திருந்த 'தூய பழங்குடி' அவருக்குத் தேவைப்பட்டது. வர்ணனைக் குரல் ஓங்கி ஒலித்தால் அது பிரச்சாரம், குரலே இல்லாவிட்டால் அது உண்மை என்று நினைப்போரும் உண்டு. நாஜிக் கட்சியின் 1934 நியூரம்பர்க் மாநாட்டை லெனி ரீஃபென்ஷ்டால் படமாக்கிய 'ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்' படத்தில் வர்ணனையாளர் கிடையாது. கொடிகளும், அணிவகுப்பும், முகங்களும், மேடைப் பேச்சும் மட்டுமே இருக்கின்றன. அந்த நாடு தன் மக்களுள் யாரை விலக்கிக்கொண்டிருந்தது என்பது சட்டகத்துக்கு வெளியே இருந்தது.

கேள்வி: அப்படியானால் இரு தரப்புக்கும் சம நேரம் கொடுப்பதுதானே நேர்மை?

பதில்: கடிகாரத்தை வைத்து அளக்கும் நேர்மை அது. வீட்டை இழந்தவருக்குப் பத்து நிமிடம், கொளுத்தியவருக்குப் பத்து நிமிடம் என்று பங்கிட்டால் இயக்குநர் தப்பித்துக்கொள்வார். பார்வையாளருக்கு எதுவும் விளங்காது.

கேள்வி: தேசிய அடையாளம் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படத்தைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? இரத்தம் தோய்ந்த காட்சிகள் இல்லாததாக இருந்தால் நல்லது.

பதில்: தயங்காமல் சொல்வேன்: பல்கேரிய இயக்குநர் அடெலா பேயெவா 2003-இல் எடுத்த 'இது யாருடைய பாட்டு?' என்னும் பொருள்படும் தலைப்புள்ள படம். இஸ்தான்புல்லில் ஓர் உணவகத்தில், பால்கன் பகுதியின் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த நண்பர்கள் உணவருந்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டு ஒலிக்கிறது. உடனே ஒவ்வொருவரும் 'இது எங்கள் பாட்டு' என்கிறார்கள். அந்தச் சிறு சண்டையைப் பிடித்துக்கொண்டு இயக்குநர் துருக்கி, கிரேக்கம், அல்பேனியா, போஸ்னியா, மாசிடோனியா, செர்பியா, இறுதியாகத் தம் சொந்த நாடான பல்கேரியா என்று பயணம் செய்கிறார். மெட்டு ஒன்றே. ஓரிடத்தில் அது காதல் பாட்டு, வேறோரிடத்தில் சமயப் பாடல், இன்னோரிடத்தில் துருக்கியருக்கு எதிரான கிளர்ச்சியின் நினைவுப் பாட்டு.

தொடக்கத்தில் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். முதியவர்கள் ஆசையாகப் பாடிக்காட்டுகிறார்கள், அந்தப் பாட்டின் நாயகி எங்கள் ஊர்ப் பெண்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்கள். செர்பியாவில் ஒரு குடி விருந்தில் இயக்குநர் அதே பாட்டின் போஸ்னிய வடிவத்தை ஒலிக்கச் செய்யும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. எங்களைச் சீண்டுகிறாய் என்று சினக்கிறார்கள். பல்கேரியாவில், இது துருக்கியப் பாட்டாக இருக்கலாமே என்று சொன்னதற்காக அவரை மிரட்டுகிறார்கள். பாட்டை அனைவரும் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் எதுவும் குறையப்போவதில்லை. இருந்தும் பகிர மறுக்கிறார்கள். அடையாளம் என்பது நம்மிடம் இருப்பது மட்டுமன்று, பக்கத்து வீட்டாரிடம் இருக்கக் கூடாதது என்றும் ஆகிவிடுகிறது. யூகோஸ்லாவியா உடைந்து, போர்கள் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த விருந்துக் காட்சியில் யாரும் கத்தியை எடுக்காததே நமக்கு நிம்மதியாக இருக்கும். நம் ராகங்களுக்கும் உணவுகளுக்கும் யார் உரிமையாளர் என்று நடக்கும் விவாதங்களில் மூழ்கிக் கிடப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன்.

கேள்வி: கொலைகாரர்களைக் கேமரா முன் உட்காரவைத்துப் பெருமையாகப் பேசவிடும் படங்கள் எனக்கு அருவருப்பூட்டுகின்றன. அது பாதிக்கப்பட்டவர்களை மீண்டும் அவமதிப்பது ஆகாதா?

பதில்: உங்கள் அருவருப்பு நியாயமானது. ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) படத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1965-66-இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் குறைந்தது ஐந்து இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதை இன மோதல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்றாலும், சீன வம்சாவளியினர் மீதான பகையும் அதற்குள் கலந்திருந்தது. மேடான் நகரச் சந்தையில் சீனக் கடைக்காரர்களிடம் துணை இராணுவ அமைப்பினர் கேமரா முன்பாகவே பணம் பறிக்கும் காட்சி அந்தப் படத்தில் உண்டு.

இயக்குநர் முதலில் தேடிச் சென்றது கொலைகாரர்களை அல்ல. உயிர் பிழைத்தவர்களோடு படமெடுக்கத் தொடங்கியபோது இராணுவம் அச்சுறுத்தியது. அவர்களே, 'எங்களைப் பேச விடமாட்டார்கள்; செய்தவர்களிடம் கேளுங்கள், அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்' என்று வழிகாட்டினார்கள். அப்படியே நடந்தது. அன்வர் காங்கோ என்பவர் தாம் கம்பியால் கழுத்தை இறுக்கிய மொட்டை மாடியிலேயே நின்று அதை நடித்துக்காட்டுகிறார். பிறகு தமக்குப் பிடித்த ஹாலிவுட் படங்களின் பாணியில் அந்தக் கொலைகளை நாடகமாக்குகிறார். வெட்கமில்லாத அந்தப் பேச்சுத்தான் சாட்சியம். தண்டனைக்கு அஞ்சாத ஒருவர் எப்படிப் பேசுவார் என்பதை வேறு எந்த வழியிலும் நாம் கண்டிருக்க முடியாது. ஆனாலும் அந்தப் படத்தில் இறந்தவர்களின் முகம் இல்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆகையால் அதே இயக்குநரின் 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' (2014) படத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி முதல் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பேன். அதில், அண்ணனைப் பறிகொடுத்த ஒரு கண் பரிசோதகர், கொலையில் பங்குகொண்ட முதியவர்களுக்குப் பார்வைச் சோதனை செய்தபடியே தணிந்த குரலில் கேள்விகளைக் கேட்கிறார். ஒரு படத்தில் வெளியிலிருந்து வந்தவர் கேட்டதற்குச் சிரிப்பும் பெருமிதமுமாகப் பதில் வந்தது. அடுத்ததில் இறந்தவரின் தம்பி கேட்கிறார். கோபமும் மிரட்டலும் வருகின்றன.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 'எஸ்-21' (2003) படத்தில் இன்னொரு வழியைக் கண்டார். கெமர் ரூஜ் ஆட்சியின் சித்திரவதைக் கூடமான துவோல் ஸ்லெங் சிறையில் காவலராக இருந்தவரை அதே வெற்று அறைக்கு அழைத்துச் சென்று, இரவுக் காவலில் என்ன செய்தார் என்று செய்துகாட்டச் சொல்கிறார். அவரும் இல்லாத கைதிகளை அதட்டுகிறார், இல்லாத கதவைப் பூட்டுகிறார். வாய் மறைக்க முயன்றதை உடம்பு மறக்கவில்லை.

கேள்வி: சடலங்களையும் சித்திரவதையையும் காட்டாமல் ஒரு படுகொலையை உணர்த்த முடியுமா?

பதில்: முடியும். குளோட் லான்ஸ்மானின் 'ஷோவா' (1985) ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. யூதப் படுகொலையைப் பற்றிய அந்தப் படத்தில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பவை சாட்சிகளின் முகங்கள், புல் வளர்ந்த நிலங்கள், ஓடிக்கொண்டே இருக்கும் இரயில்கள். ஆனால் அந்தக் கண்டிப்பான மனிதரே, பெயரை வெளியிடமாட்டேன் என்று வாக்களித்துவிட்டு ஒரு முன்னாள் நாஜி முகாம் அதிகாரியை மறைகேமராவில் பதிவு செய்து பெயரோடு வெளியிட்டார். செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், ஆம் என்பேன். அந்த ஆம் சொல்லும்போது குரல் சற்றுத் தாழத்தான் செய்கிறது.

மறுபக்கம், காட்டியே ஆகவேண்டிய காட்சிகளும் உண்டு. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் செர்பியப் படைகளிடம் வீழ்ந்தபோது பிடிபட்ட ஆறு போஸ்னிய முஸ்லிம்களை 'ஸ்கார்பியன்ஸ்' என்ற செர்பியப் படைப்பிரிவினர் சுட்டுக்கொன்று, அதைத் தாங்களே வீடியோவில் பதிவு செய்துவைத்திருந்தார்கள். 2005 ஜூனில் ஹேக் நகரத் தீர்ப்பாயத்தில், முன்னாள் அதிபர் மிலோஷெவிச் மீதான விசாரணையின்போது அது காட்டப்பட்டது. செர்பியத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த வீடுகளுக்குள் அந்தக் காட்சி நுழைந்தது.

கேள்வி: ஈழத்தைப் பற்றிய ஆவணப்படங்களில் நம் வலியைச் சொல்பவற்றை ஆதரிப்பதும், போராட்டத்தைக் குறை சொல்பவற்றை எதிர்ப்பதும் இயல்புதானே?

பதில்: இயல்பு என்பதில் ஐயமில்லை. சேனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூனில் ஒளிபரப்பிய படமும், அதன் தொடர்ச்சியாகக் கேலம் மெக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' (2013) படமும் இல்லாதிருந்தால், 2009-இன் இறுதி மாதங்களைப் பற்றி உலகம் இலங்கை அரசின் அறிக்கைகளை மட்டுமே கேட்டிருக்கும். இரண்டாவது படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் 2014-இல் சான்றிதழ் மறுத்தது. மலேசியாவில் 2013-இல் அதைத் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2017-இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தத் தடைகளைக் கண்டித்து நாம் சொன்னவை அனைத்தும் சரியானவை.

அதே 2017-இல், 1983 ஜூலை வன்முறையிலிருந்து சிறுவனாகத் தப்பிய தமிழரான ஜூட் ரட்ணம், தமிழ் இயக்கங்கள் தமக்குள் நடத்திய கொலைகளையும் பேசும் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' படத்தை எடுத்தார். கான் விழாவில் காட்டப்பட்ட அந்தப் படம், யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பின் காரணமாக விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் படத்தோடு எனக்கும் வேறுபாடு உண்டு. அரசின் வன்முறையையும் அதற்கு எதிராக எழுந்தவர்களின் வன்முறையையும் அது ஒரே தட்டில் வைத்துவிடுகிறதோ என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்வதற்கு நான் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். 'நோ ஃபயர் ஸோன்' படத்தைத் தடுத்தவர்களிடம் எந்த வாதத்தை முன்வைத்தோமோ, ஜூட் ரட்ணத்தின் படம் வந்தபோது அந்த வாதத்தை நாம் எங்கே வைத்துவிட்டு வந்தோம்?

கேள்வி: அரசுகள் ஏன் ஆவணப்படங்களுக்கு இவ்வளவு அஞ்சுகின்றன? பார்ப்பவர்கள் சிலர்தானே?

பதில்: தேசத்தைப் பற்றி அரசு சொல்லும் கதையில் எந்த இடத்தில் தையல் பிரிந்திருக்கிறது என்று அந்தச் சிலருக்குத் தெரிந்துவிடும் என்பதனால்தான். நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்' படத்தில் பிரெஞ்சுத் தணிக்கையாளர்களை உறுத்தியது பிணக் குவியல் அன்று, ஒரு தொப்பி. பிரான்சில் இருந்த ஒரு தடுப்பு முகாமைக் கண்காணித்து நிற்பவர் பிரெஞ்சுக் காவலர் என்பதை அந்தத் தொப்பி காட்டிக்கொடுத்தது; அதை மறைத்த பிறகே படம் வெளியானது. அதே படத்தின் வர்ணனையில் 'யூதர்' என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைப்பது அரசுகளின் தனியுரிமை அன்று. நாஜி ஆக்கிரமிப்பின்போது பிரெஞ்சுக்காரர்களில் பலர் ஒத்துழைத்தார்கள் என்பதை நான்கு மணி நேரத்துக்கும் மேல் விவரிக்கும் மார்செல் ஓஃபுல்ஸின் 1969-ஆம் ஆண்டுப் படத்தைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சி 1981-இல்தான் ஒளிபரப்பியது. இங்கே, ஆனந்த் பட்வர்தனின் 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' படத்தை ஒளிபரப்ப மறுத்த தூர்தர்ஷனுக்கு, ஒளிபரப்பியே ஆகவேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. படம் எடுத்துப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. தடை என்பது பல வேளைகளில் காலதாமதத்தின் இன்னொரு பெயர்தான். வேண்டிய நேரத்தில் பார்க்கவிடாமல் செய்துவிட்டால் அவர்களுக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் ஓர் இனக் கலவரத்தில் தப்பியவர்கள். அவர்களின் நினைவுகளை ஆவணப்படமாக்க விரும்புகிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: முதல் நாளே கலவரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த வீடு எப்படி இருந்தது, எதிர்வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களோடு எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். மற்றது தானே வரும். அவர்கள் எந்த மொழியில் எளிதாகப் பேசுகிறார்களோ அதிலேயே பேசட்டும். துணைத்தலைப்பு எழுதுபவர் அந்த வட்டார வழக்கை அறிந்தவராக இருக்க வேண்டும். 'அவங்க' என்று ஒருவர் சொல்வது பகையினரையா, அண்டை வீட்டாரையா என்பதில் படத்தின் பொருளே மாறிவிடும். அடைக்கலம் தந்தவர் யாராவது மறுதரப்பில் இருந்தால் அவரையோ அவர் பிள்ளைகளையோ தேடிப் பாருங்கள்.

ஒப்புதலை ஒரு முறை வாங்கினால் போதாது. படத்தொகுப்பு முடிந்ததும் அவர்களுக்குப் போட்டுக்காட்டி, எந்தப் பெயரை, எந்த முகத்தை, எந்த ஊரை நீக்க வேண்டும் என்று மீண்டும் கேளுங்கள். அவர்கள் நீக்கச் சொல்வது உங்களுடைய மிகச் சிறந்த காட்சியாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில், இணை இயக்குநர் ஒருவர் உட்பட இந்தோனேசியக் கலைஞர்கள் பலருடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பெயர் வேண்டாதவர்' என்றே வரிசையாக வருகிறது. வெட்டி நீக்கிய பதிவுகளை அழித்துவிடாமல், நாள், இடம், பேசியவர் ஆகிய குறிப்புகளோடு இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் சேமித்து, அவற்றுள் ஒன்றை உங்கள் வீட்டுக்கு வெளியே வைத்திருங்கள்.